மிளகை ஆறு மணிக்குள் சேர்க்கவும்

பார்சல் கிடங்கில் அவனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகப் பெட்டி ஒட்டுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அறுந்த செருப்பு, மூக்குக்கண்ணாடியின் உடைந்த கால், ஆடுகிற நாற்காலி என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் பழுப்பு டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவான். மேற்பார்வையாளரின் வாயையும் ஒட்டித் தரும்படி கூட வேலை செய்கிறவர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இன்னொரு வித்தையும் அவனுக்குத் தெரியும். எந்தப் பெட்டியையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவான். தராசில் வைத்தால் ஐம்பது கிராம் முன்னே பின்னே காட்டும். அந்த ஐம்பது கிராம் தராசின் தப்பு என்பான்.

அவன் மகளுக்கு வயது இரண்டும் இரண்டு மாதமும். வீட்டில் மிளகு. ஆள் அந்த அளவுதான்; காரம் பழகினால்தான் தெரியும். அவளுக்கு மொத்தம் பன்னிரண்டு வார்த்தைகள் வரும். அதில் ஏழு, "வேணாம்" என்பதையே ஏழு விதமாகச் சொல்வது.

மிளகின் அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, மூன்றே நாள். டேப்பு அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. கிடங்கில் யாராவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தால், "அந்த நீலப் பெட்டியை இப்படித் தள்ளுங்க" என்பான். காலையில் மிளகைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவான், சாயங்காலம் தூக்கி வருவான், குளிப்பாட்டுவான், தூங்க வைப்பான். சாப்பிட வைப்பது ஒன்றுதான் நடக்கவில்லை. பாலில் தோய்த்த பிஸ்கட்டைத் தவிர எதைக் காட்டினாலும் ஏழு வேணாமும் வரிசையாக வரும்.

அவன் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேச ஒருவர் இருந்தார். மிளகின் பெரியம்மா, அதாவது போனவளின் சொந்த அக்கா. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். இருபது வருடமாக அந்த வேலை பார்த்ததில், உலகத்தில் எல்லாருமே டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் என்று அவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. டேப்பைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல். இவன் டிக்கெட் எடுத்திருந்தாலும் இறக்கிவிட வேண்டியவன் என்கிற பார்வை. ஆனால் மரியாதை ஒரு இம்மி குறையாது. தங்கையைக் கட்டியவர் அல்லவா? "மாப்பிள்ளை, உங்களுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்துல என்னங்க இருக்கு?" என்று 'ங்க' போட்டுத்தான் கிழிப்பார்.

வியாழக்கிழமை அப்படித்தான் வந்து நின்றார். நேரே சமையலறை அலமாரியைத் திறந்தார். உள்ளே பிஸ்கட் பொட்டலங்கள், கிடங்கில் அடுக்குவதுபோல் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன.

"புள்ளைய வளக்குறீங்களா, எலிய வளக்குறீங்களா மாப்பிள்ளை?"

"எலின்னா சோறும் திங்கும் அண்ணி. இவ அதுகூட மாட்டேங்கிறா."

"சிரிக்காதீங்க. டாக்டர் எடை பாத்தாரே, எவ்வளவு?"

"ஒம்போது கிலோ எண்ணூறு." டாக்டருக்கு முன்பே அவன் கைக்கு அது தெரியும். தினமும் காலையில் தூக்கும்போது கூடியிருக்கிறதா என்று மனசு தராசு முள்ளைத்தான் பார்க்கும். எட்டு மாதமாக முள் அசையவில்லை.

பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, மஞ்சள் திரை மாட்டி, கட்டில் வாங்கிப் போட்டாகிவிட்டது என்றார். புது வருடத்திலிருந்து குழந்தை அங்கே இருக்கட்டும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். உங்கள் மாமனாரும் மாமியாரும்கூட அதுதான் சரி என்கிறார்கள்.

"எம் பொண்ண நான் வந்து பாக்குறதா?" என்றான் டேப்பு.

"ஆம்பளை ஒத்தையில வளக்குற வயசா இது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க மட்டும் வெளிய கூட்டிட்டுப் போங்க, பாப்போம். காப்பகம் இல்லாம, யார் துணையும் இல்லாம. ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து காட்டுங்க. வயிறு நெறஞ்சிருக்கணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது. அப்படிக் காட்டிட்டீங்கன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா அந்த மஞ்சத் திரை ரூமுதான்."

டேப்பு தலையாட்டிவிட்டான். ஏன் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. பாதி கோபம், மீதிப் பாதி, அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்கிற பயம்.

வாசல்வரை போன பெரியம்மா திரும்பி நின்றார். "பூங்கா எங்கயாச்சும் போங்க. அந்தக் கிறிஸ்துமஸ் திருவிழா பக்கம் மட்டும் போயிடாதீங்க. கூட்டம், குளிரு, கண்ட கண்ட எண்ணெய்."

அதுவரை டேப்புக்குத் திருவிழா நினைப்பே இல்லை. கதவு சாத்தியதும் அந்த நிமிடமே முடிவு பண்ணிவிட்டான். திருவிழாவுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையைக் கட்டினான். அவன் பை கட்டுவதைப் பார்க்க வேண்டும். டயப்பர் நாலு, சுருட்டி ஓரத்தில். மாற்றுத் துணி இரண்டு செட், நடுவில். பால் புட்டியைச் சுற்றித் துண்டு. இண்டு இடுக்கிலெல்லாம் பிஸ்கட். காலி இடம் விட்டால் பொருள் ஆடும், ஆடினால் உடையும். அது கிடங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். பையைக் குலுக்கிப் பார்த்தான். சத்தமே இல்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. கூட்டத்தில் குழந்தை எங்காவது நழுவிவிட்டால்? சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற கிடங்கு லேபிள் ஒன்றை எடுத்தான். உள்ளங்கை அகலம். மேலே பெரிய கட்டம்: பெறுநர். அதற்குக் கீழே சின்னக் கட்டம்: அனுப்புநர். அடியில் ஒற்றை வரி: பெறுநர் கிடைக்காவிட்டால் அழைக்க. பதினொரு வருடத்தில் அந்த வரியை யாரும் நிரப்பி அவன் பார்த்ததில்லை.

கை தானாக ஓடியது. தினம் நானூறு லேபிள் எழுதுகிற கை, யோசிக்கவா போகிறது? பொருள்: பெண் குழந்தை. எண்ணிக்கை: ஒன்று. அனுப்புகிறவன் யார்? அப்பா. சின்னக் கட்டத்தில் பொடி எழுத்தில் அவன் எண். ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எது? பெரியம்மா வீடு. பெரிய கட்டத்தில், பத்தடி தூரத்திலிருந்து தெரிகிற எழுத்தில் பெரியம்மாவும் அவர் எண்ணும். மிளகின் சிவப்புக் குளிர்சட்டை முதுகில் ஒட்டி, பால் பட்டால் அழியாமல் இருக்க மேலே கண்ணாடி டேப்பையும் போட்டான். பக்கத்தில் 'உடையக்கூடியது' என்று இன்னொன்று. கிடங்கு முறைப்படி ஒரு குறை சொல்ல முடியாது. தப்பெல்லாம் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தது.

திருவிழா மைதானத்தில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு மரம் நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றிக் காகித நட்சத்திரங்கள், ஒலிபெருக்கியில் மணியோசைப் பாட்டு, வட்டமாக மரக்கடைகள். எங்கே திரும்பினாலும் வெண்ணெயும் சர்க்கரையும் கருகுகிற வாசனை. மிளகு அவன் தோளில் உட்கார்ந்து, அவன் காதுகளை வண்டிக் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்தாள்.

வாயைப் பிளந்தாளே தவிர, அதற்குள் ஒன்றும் போகவில்லை. முதலில் கேக் கடை. மேலே வெள்ளைக் கிரீம், சிவப்புப் பழம். "இந்தா செல்லம், ஆ சொல்லு."

"வேணாம்."

உருளைக்கிழங்கு வறுவல். தலையை இடமும் வலமும் ஆட்டுகிற வேணாம். சுட்ட சோளம். கையால் தள்ளுகிற வேணாம். நட்சத்திர வடிவ பிஸ்கட்டையாவது தின்பாள் என்று நம்பினான். பாலில் தோய்க்காத பிஸ்கட் எல்லாம் ஒரு பிஸ்கட்டா என்கிற மாதிரி பார்த்துவிட்டு அவன் சட்டைக் காலரில் துடைத்தாள். பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு மிட்டாயை நீட்டினார். மிளகு தாடியைப் பிடித்து இழுத்தாள். தாடி கழன்று வந்தது. உள்ளே இருபது வயதுக்காரர் ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, கொஞ்சம் காத்து வந்துச்சு" என்றார் அவர்.

நாலு மணி. வயிறு காலி. டேப்பு ஒவ்வொரு கடையிலும் கெஞ்சினான். ஆனை வருது, குதிரை வருது, விமானம் வருது என்று கரண்டியை ஓட்டினான். எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கிடைக்கவில்லை.

அப்போது மூக்குக்கு ஒரு சேதி வந்தது. சர்க்கரை வாசனை இல்லை. டயப்பர்.

மைதான ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கதவில் பலகை: குழந்தைகளுக்கு உடை மாற்றும் அறை, தாய்மார்களுக்கு மட்டும். வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவல்கார அம்மா. டேப்பு பலகையைப் படித்தான். மிளகைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பெஞ்சில் துண்டை விரித்து, அவளைப் படுக்க வைத்து, ஒன்றரை நிமிடத்தில் வேலையை முடித்துக் குப்பைத் தொட்டியிலும் போட்டுவிட்டான். பேக்கிங் வேலையில் வேகம் பழகியவன். அவளை இறக்கிக் கீழே நிறுத்தியபோது காவல்கார அம்மா எழுந்து வந்தார்.

"இந்தாப்பா, பொது இடத்துல என்ன பண்ற? நாலு பேரு சாப்பிடுற எடம்."

"உள்ள மாத்தவா?"

"உள்ள பொம்பளைங்களுக்கு மட்டும்."

"வெளிய மாத்துனா தப்பு. உள்ளயும் விட மாட்டீங்க. அப்ப மரத்து உச்சியில அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல வச்சு மாத்தட்டுமா?"

"எகத்தாளம் பேசாத. புள்ளையோட அம்மாவ வரச் சொல்லு."

அவனுக்குள் எட்டு மாதமாக ஒட்டி வைத்திருந்த டேப்பு எங்கோ பிரிந்தது.

"அவ வர மாட்டா. வர முடியாது. இந்தப் புள்ளைக்கு அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான். ராத்திரி காய்ச்சலடிச்சா எந்திரிக்கிறது நான். தலை சீவி விடுறது நான், கோணலாத்தான் சீவுவேன், ஆனா நான்தான் சீவுவேன். உங்க பலகையில 'மட்டும்'னு எழுதுனவரக் கூப்பிடுங்க. எங்க மாதிரி ஆளு எந்தக் கதவு வழியா போகணும்னு அவரு சொல்லட்டும்!"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். கையில் கைக்குழந்தையோடு நின்ற இன்னொரு அப்பா, "நல்லா கேளுங்க சார்" என்றார். காவல்கார அம்மா பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், குரலை இறக்கினார். "சரி, சரி. அடுத்த தடவ உள்ளயே போய்க்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

ஜெயித்துவிட்டான். வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மகளுக்கும் அந்த வெற்றியைக் காட்டலாம் என்று குனிந்தான்.

மகள் இல்லை.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். கொட்டகைக்குப் பின்னால் பார்த்தான். எங்கும் கால்கள். நூற்றுக்கணக்கான கால்களுக்கு நடுவில் இரண்டு சிவப்பு ஷூவைத் தேடுவது எப்படி என்று எந்தக் கிடங்கிலும் சொல்லித்தரவில்லை. "மிளகு!" என்று கத்தினான். மசாலா விற்கிறவன் என்று நினைத்து ஓர் ஆள் திரும்பி, "எந்தக் கடை?" என்று கேட்டார். ராட்டினம், கேக் கடை, சோளக் கடை, மரத்தைச் சுற்றிய வேலி. கால் ஓடியது, கண் ஓடியது, மனசு மட்டும் ஓர் இடத்தில் நின்றுகொண்டு ஒரே வரியைச் சொன்னது: அண்ணி சொன்னது சரி. அண்ணி சொன்னது சரி.

பதினோரு நிமிடம். அப்புறம் கடை வரிசையின் கோடியில், ஆவி பறக்கிற ஒரு சூப்புக் கடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றின் மேல் சிவப்புச் சட்டை தெரிந்தது. முதுகில் அவன் கையெழுத்து.

ஓடிப்போய் வாரி எடுக்க நினைத்தவன், இரண்டு அடி முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

மிளகு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மடியில் ஒரு கிண்ணம். காய்கறி சூப்பில் ஊறிய ரொட்டித் துண்டுகள். அதைக் கையாலேயே அள்ளி, முகவாயெல்லாம் பூசி, மூக்கிலும் கொஞ்சம் ஏற்றி, மிச்சத்தை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். யாரும் ஆ சொல்லவில்லை. யாரும் விமானம் ஓட்டவில்லை. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை.

"நீதான் அப்பனா?" என்றார் அகப்பையோடு நின்ற சூப்புக்கார அக்கா. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, செத்துப் பொழச்ச மாதிரி இருக்கு. இந்தா தண்ணி குடி."

"அக்கா, இவ... நீங்க ஊட்டுனீங்களா?"

"எனக்கெங்க நேரம், இவ்வளவு கூட்டத்துல? அது என்னோட சாப்பாடு. ஓரமா வச்சிருந்தேன். வந்தா, உக்காந்தா, எடுத்துக்கிட்டா. ஒரு வார்த்த கேக்கல. நல்ல திமிரு."

டேப்பு பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். அக்கா சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "கவலைப்படாத. முதுகுல பெருசா எழுதியிருந்த நம்பருக்கு அப்பவே போன் போட்டுட்டேன். அந்தம்மா வந்துக்கிட்டு இருக்காங்க."

"எந்த அம்மா?"

"பெரியம்மான்னு போட்டிருந்துச்சே."

டேப்பு மிளகின் முதுகைப் பார்த்தான். பத்தடி தூரத்திலிருந்து தெரிகிற எழுத்து. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான்! கிடங்கில் வழிதவறிய பார்சலுக்கு முதலில் பெறுநரைத்தான் கூப்பிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான். அந்த முறைப்படி சூப்புக்கார அக்கா நூற்றுக்கு நூறு.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"புள்ள தொலஞ்சு போயி இங்க இருக்குன்னேன். 'நான் வர்றேன்'னு ஒரு கத்து. என் காது இன்னும் அடச்சிருக்கு." அவன் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "ஏதாச்சும் வில்லங்கமா? ஓடிடுறியா? இப்பவே தூக்கிட்டுப் போயிடு. வந்தா, அது வேற புள்ள, தப்பா சொல்லிட்டேன்னு நான் சமாளிச்சுக்கிறேன்."

டேப்புக்கு ஆசையாகத்தான் இருந்தது. பின்பக்க வழி இருந்தது. பேருந்து நிறுத்தம் அருகில். லேபிளைக் கிழித்துவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, ஆறு மணிக்கு வாசலில் போய் நின்று, "எந்தக் குழந்தை? எங்க தொலஞ்சது?" என்று கேட்டால் முடிந்தது. பொய் சொல்ல அவனுக்கு வராது என்றில்லை. மேற்பார்வையாளரிடம் தினமும் சொல்கிறான்.

மிளகு கிண்ணத்துக்கு அடியில் தங்கிய ஒரு கேரட் துண்டை விரட்டிக்கொண்டிருந்தாள். அது வழுக்கி வழுக்கி ஓடியது. அவள் விடுவதாக இல்லை.

"இல்லக்கா. அவ சாப்பிட்டு முடிக்கல" என்றான்.

இருபது நிமிடத்தில் பெரியம்மா வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருந்திருக்கிறார்; சீருடை, இடுப்புப் பை எல்லாம் அப்படியே. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தால் யாருக்குமே ஒரு நிமிடம் பையைத் தடவிப் பார்க்கத் தோன்றும்.

"எங்கடா எம் புள்ள?"

இத்தனை வருடத்தில் முதல் 'டா'. டேப்பு எழுந்து நின்றான். பெரியம்மா அவனைத் தாண்டிக் குனிந்து மிளகின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், முட்டியைத் தடவினார், தலையை முகர்ந்தார். கீறல் இல்லை. நிமிர்ந்தபோது 'ங்க' திரும்பி வந்திருந்தது, ஆனால் கத்தி மாதிரி.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் கேட்டேன் மாப்பிள்ளை. தொலச்சிட்டீங்க."

"ஆமா அண்ணி. பதினோரு நிமிஷம் தொலச்சேன்."

இல்லை என்பான், காரணம் சொல்வான் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அது கொஞ்சம் இடறியது. உடனே சுதாரித்துக்கொண்டார். அவர் கண் லேபிளில் விழுந்தது. படித்தார். மறுபடி படித்தார். இருபது வருடத் தொழில் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீங்களே எழுதியிருக்கீங்களே. பெறுநர், பெரியம்மா. உங்க கையெழுத்துதானே? இதுக்கு மேல என்ன பேச்சு? எழுத்துல இருக்கு மாப்பிள்ளை. புள்ளையத் தூக்கிக் குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

சூப்பு வாங்க நின்றவர்கள் கிண்ணத்தோடு அப்படியே நின்று பார்த்தார்கள். டேப்பு மூச்சை இழுத்துக்கொண்டான்.

"நீங்க வச்ச பரீட்சையில நான் ஃபெயிலுதான் அண்ணி. ஒத்துக்கிறேன். நாளைக்கும் ஃபெயிலாவேன். இவ விழுவா, முட்டி தேயும், சளி புடிக்கும், மறுபடி எங்கயாச்சும் ஓடுவா. அப்பல்லாம் உங்களுக்குப் போன் பண்றேன், வந்து திட்டுங்க, நின்னு கேட்டுக்கிறேன். ஆனா குடுக்க மாட்டேன். எம் பொண்ண வளக்க நான் எதுக்குப் பரீட்ச எழுதணும்? வியாழக்கிழமையே இதச் சொல்லியிருக்கணும். தலையாட்டுனேன் பாருங்க, அதுதான் நான் பண்ண தப்பு. தொலச்சது ரெண்டாவது தப்பு. லேபிளு மூணாவது."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து லேபிள் எழுதுகிற மார்க்கரை எடுத்தான். மூடியைப் பல்லால் கழற்றினான். மகளுக்குப் பின்னால் முட்டி போட்டு, கண்ணாடி டேப்பின் மேலேயே, பெரிய கட்டத்தில் இருந்ததை ஒரே கோடாக அடித்தான். மேலே எழுதினான்: அப்பா. கீழே அனுப்புநர் கட்டத்தில் பொடியாக இருந்ததும் அப்பாதான். அதை அப்படியே விட்டான்.

"அனுப்புறதும் நான். வாங்குறதும் நான்" என்றான்.

"அப்படி ஒரு பார்சல் உண்டா உலகத்துல?" என்றார் பெரியம்மா.

"கிடங்குல இல்ல. வீட்டுல உண்டு."

பெரியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம். மிளகு காலிக் கிண்ணத்தைப் பெட்டியில் டங் டங் என்று தட்டினாள். சூப்புக்கார அக்காவை நோக்கிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னும்" என்றாள்.

டேப்பு பெரியம்மாவைப் பார்த்தான். பெரியம்மா டேப்பைப் பார்த்தார். பன்னிரண்டு வார்த்தையில் அது இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இருந்தது; அம்மா மடியில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை. இரண்டு பேருக்குமே அது ஞாபகம் இருந்தது.

"என்ன போட்டீங்க இதுல?" என்று பெரியம்மா சூப்புக்கார அக்காவிடம் கேட்டார், லஞ்சம் கொடுத்துப் பிடிபட்டவரை விசாரிக்கிற தோரணையில்.

"கேரட்டு, பீன்ஸு, உப்பு. அவ ஆசையாத் திங்கிறது அது என்னோடதுங்கிறதால. உங்களுக்கும் ஒரு கிண்ணம் ஊத்தவா? நின்னுக்கிட்டே சண்ட போட்டா கால் வலிக்கும்."

பெரியம்மா வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தார். மிளகு பக்கத்துப் பெட்டியைக் கையால் தட்டி, உட்காரச் சொல்வதுபோல் பார்த்தாள். சீருடையோடு, இடுப்புப் பையோடு, பெரியம்மா அந்தக் கவிழ்ந்த பெட்டியில் உட்கார்ந்தார். அக்கா ஊற்றிக் கொடுத்த அவர் கிண்ணத்தில் ஊறிய முதல் ரொட்டித் துண்டை மிளகு கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள்.

"ரூம்ல திரை மாட்டிட்டேன்" என்றார் பெரியம்மா, சூப்பைப் பார்த்துக்கொண்டு.

"சனிக்கிழம சனிக்கிழம வந்து தூங்கட்டும். மறுநாள் காலையில நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

"எத்தன மணிக்கு?"

"நான் வர்ற மணிக்கு."

பெரியம்மா முறைத்தார். டேப்பும் கண்ணைத் தாழ்த்தவில்லை. முதல் தடவையாக, டிக்கெட் எடுத்த பயணியைப் பார்ப்பதுபோல் அவர் பார்வை ஒரு விநாடி அவன்மேல் நின்று நகர்ந்தது. அப்புறம் மிளகின் முதுகை விரலால் தொட்டார், கோடு போட்டு அடித்த தன் பெயரின் மேல்.

"மொத்தமா அடிச்சிட்டீங்க. ஒரு ஓரமா சின்னதாவாச்சும் என் நம்பர் இருக்கட்டும் மாப்பிள்ளை."

டேப்பு மார்க்கரைத் திருப்பிப் பிடித்தான். அடியில் அந்த ஒற்றை வரி காலியாகத்தான் இருந்தது. பெறுநர் கிடைக்காவிட்டால் அழைக்க. அதில் பெரியம்மா என்று எழுதினான், எண்ணையும் எழுதினான். சின்னதாகத்தான் எழுத நினைத்தான். கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

மைதானத்து மணி ஆறு அடித்தபோது மரத்தின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. மிளகு அதைப் பார்க்கவில்லை. டேப்பின் தோளில் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். சட்டையெல்லாம் சூப்பு. அவன் அவளை ஒரு தடவை மேலே ஏற்றிப் பிடித்தான், கிடங்கில் பெட்டியை ஏற்றிப் பிடிப்பதுபோல்.

"பத்து" என்றான்.

"என்ன பத்து?"

"கிலோ."

"ஷூவோட சேத்துதானே?" பெரியம்மா விடுகிற ஆளா?

"ஷூவக் கழிச்சிட்டுத்தான் அண்ணி சொல்றேன்."

பெரியம்மா குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். "எந்த ஷூவக் கழிச்சீங்க? ஒரு கால்ல ஒண்ணையும் காணோமே!"

டேப்பு குனிந்து பார்த்தான். ஒரு காலில் சிவப்பு ஷூ. இன்னொரு காலில் ஈரக் காலுறை மட்டும். இரண்டு பேரும் திரும்பிச் சூப்புக் கடையை நோக்கி நடந்தார்கள். "மூளை இருக்க வேண்டிய இடத்துல..." என்று பெரியம்மா ஆரம்பித்தார். குழந்தை அசைந்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டு, தன் கம்பளித் துண்டை எடுத்து அந்த ஈரக் காலில் சுற்றினார்.